'உடம்பு விசாரிப்பு' என்று ஒரு செலவுத் தலைப்பு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்பு என் மாமனார் அழைத்துப் போய் எங்கள் ஊர் ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர்த்துவிட்டார். இந்த வருடம் செயலாளர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஏட்டில் 31 பேர் இருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வருவது எட்டு, ஒன்பது பேர். பெரிய நலத்திட்ட விழா நடத்தி, பேனர் வைத்து, ஊருக்குத் தெரியப்படுத்தினால் புது ஆட்கள் வருவார்கள் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். "லாட்ஜுக்கு விளம்பரம் எதற்கு" என்று மூத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இரண்டு கட்சி ஆகிவிட்டது. "அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் செய்கிறீர்கள்?" என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள். மண்டபத்தை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாமா, சிங்கப்பூரில் இருக்கும் பழைய உறுப்பினரின் மகன் தர விரும்பும் பணத்தை வாங்கலாமா என்ற கேள்விகளும் இருக்கின்றன. வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம், பாபநாசம் வட்டம்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆடிட்டர் கண்ணோடு படித்து, வாடகை, வெளிநாட்டுப் பணம் என்று வருகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். இரண்டாவது முறைதான் வேறொன்று உறைத்தது. 31 பேரில் ஒன்பது பேர் வருகிறார்கள் என்றால் மீதி 22 பேர் எங்கே? புது ஆள் எப்படி வருவார் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஆள் ஏன் வரவில்லை என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. நான் சொல்லப் போவது பெரும்பாலும் அந்த 22 பேரைப் பற்றித்தான்.

நான் மேசன் இல்லை. கும்பகோணத்தில் 31 வருடமாக ஆடிட்டர் தொழில். இந்த டெல்டாவில் கிளப், சங்கம், சபா, கோயில் கமிட்டி, லாட்ஜ் என்று பல அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்திருக்கிறேன். ஒரு சங்கம் உயிரோடு இருக்கிறதா, மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறதா என்று அதன் வவுச்சர் கட்டைப் பிரித்தாலே தெரிந்துவிடும்.

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டு எதிரே அறை வாடகைக்கு விடும் இடம்தான் நம் ஊரில் நினைவுக்கு வரும். அதனால் மற்ற வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. ஃப்ரீமேசன் லாட்ஜ் என்பது ஆண்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் ஒரு பழைய அமைப்பு. கொத்தனாரின் மட்டப்பலகை, மூலைமட்டம், கவராயம் இவற்றை அடையாளமாக வைத்து ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கும் சடங்குகள் அதில் உண்டு. கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. உள்ளே அரசியலும் மதமும் விவாதிக்கக் கூடாது. நம் நாட்டுக்கென்று தனியாக கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா என்ற தலைமை அமைப்பு 1961 நவம்பர் 24 அன்று உருவானது. ஆனால் இந்த இயக்கத்துக்கும் காவிரிக் கரைக்கும் உள்ள தொடர்பு அதைவிட ரொம்பப் பழசு. 1775 வாக்கில் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா சேர்ந்தது திருச்சிராப்பள்ளியில்தான். சேர்ந்த இந்தியர்களில் முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து அவருக்கு, சடங்கில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனும் விதிப்புத்தகமும் அனுப்பினார்கள், அவர் பாரசீக மொழியில் பதில் எழுதினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொழில் தொடங்கிய சில வருடத்தில் ஒரு லாட்ஜின் கணக்கு என்னிடம் வந்தது. ஊர் பெயர் வேண்டாம். பொருளாளர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரொக்கப் புத்தகத்தை ரயில்வே பதிவேடு மாதிரி சிவப்பு, நீல மசியில் எழுதுவார். அதில் செலவுத் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாட்ச்மேன் சம்பளம், மின்கட்டணம், தபால், சாப்பாடு. நடுவில் 'உடம்பு விசாரிப்பு' என்று ஒரு தலைப்பு. அப்படி ஒரு தலைப்பை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. வவுச்சரை எடுத்தேன். சாத்துக்குடி ஒரு டஜன், ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில், பஸ் டிக்கெட் போக இரண்டு, வர இரண்டு. டிக்கெட்டுகளைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். திருவிடைமருதூரில் ஒரு உறுப்பினர் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறார், இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அடுத்த மாதமும் அதே ஊருக்கு டிக்கெட். அதற்கடுத்த மாதம் இரண்டே டிக்கெட், போக ஒன்று, வர ஒன்று. "ஏன் சார், இந்தத் தடவை ஒருத்தர்தான் போனாரா?" என்று கேட்டேன். "இல்லை, ரெண்டு பேர்தான். இன்னொருத்தர் தன் கைக்காசில் போய்விட்டார், டிக்கெட் கொடுக்க மறந்துட்டார்" என்றார்.

அந்த வருடம் அந்தத் தலைப்பில் மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான். அந்த வருடத்து வருகைப் பதிவேட்டில் ஒரு கூட்டத்துக்குக்கூட 25 கையெழுத்துக்குக் குறையவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் காலமானார். புதுப் பொருளாளர் வந்தார், நல்லவர், கெட்டிக்காரர், கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். மாற்றும்போது சின்னச் சின்னத் தலைப்புகளை எல்லாம் 'இதர செலவு' என்று ஒன்றாக்கிவிட்டார். அடுத்த வருடம் அந்த இதர செலவில் பஸ் டிக்கெட்டே இல்லை. அதற்குப் பதில் ஷாமியானா, மைக் செட், பிளெக்ஸ், சால்வை என்று பெரிய பெரிய பில்கள். விழா நன்றாகத்தான் நடந்தது. தையல் மிஷின் கொடுத்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் கணக்கு பார்த்தேன். ஆறாவது வருடம் கணக்கோடு கலைப்புத் தீர்மானத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். தீர்மானத்தில் கையெழுத்து ஏழு. அதில் ஒருவர் கை நடுங்கி இரண்டு முறை போட்டிருந்தார். அந்தக் காகிதத்தை வாங்கி வைத்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தையல் மிஷின் கொடுத்ததால் லாட்ஜ் செத்தது என்று நான் சொல்லவில்லை. தையல் மிஷின் வாங்கியவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும், அது புண்ணியம்தான். ஆனால் ஊருக்குச் செய்யும் வேலையை நம் பகுதியில் ரோட்டரியும் லயன்ஸும் ஏற்கெனவே நன்றாகச் செய்கின்றன. ரோட்டரி 1905-லும் லயன்ஸ் 1917-லும் அமெரிக்காவில் தொடங்கி நம் தாலுக்கா தலைநகரம் வரைக்கும் வந்துவிட்டன. கண் சிகிச்சை முகாம், ரத்த தானம் என்றால் அவர்களிடம் ஆள் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. 31 பேர் உள்ள லாட்ஜ் அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓட வேண்டியதில்லை. முகாம் நடக்கும் நாளில் உங்கள் ஆட்கள் நாலு பேர் போய் நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும், அதுவே பெரிய உதவி. உங்கள் லாட்ஜ் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 31 பேரை, அவர்கள் வீட்டை, அவர்கள் உடம்பை, அவர்கள் போன பிறகு அவர்கள் மனைவியைத் தெரிந்து வைத்திருப்பது. அதற்கு உங்கள் அமைப்பிலேயே ஒரு பதவி வைத்திருக்கிறார்கள். ஆல்மனர். நோயாளிகளையும் விதவைகளையும் விசாரிப்பது அவர் வேலை. உங்கள் நிர்வாகிகள் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே இப்போது யார் இருக்கிறார்? நான் பார்த்த லாட்ஜ்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் வயதானவர் ஒருவரை மரியாதைக்காகப் போட்டுவைத்திருப்பார்கள். அவரையே ஒருவர் போய் விசாரிக்க வேண்டிய நிலையில் அவர் இருப்பார். அந்தப் பதவிக்கு இரு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்த, வாய் நிறையப் பேசத் தெரிந்த ஒருவரைப் போடுங்கள். பேனர் வேண்டும் என்று கேட்கும் இளையவர்களில் ஒருவரைப் போட்டால் இன்னும் நல்லது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது, அந்தத் துடிப்பை பிளெக்ஸில் வீணாக்க வேண்டாம்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்திருப்பீர்கள். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு, மொய் வாங்குவார்கள். அது ஏன் இத்தனை காலம் நிற்கிறது? பணத்தால் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொருவர் பெயரையும் ஊரோடு, தகப்பன் பெயரோடு சொல்லி நோட்டில் எழுதுகிறார்கள். அந்த நோட்டில் நாம் இருக்கிறோம் என்று தெரிந்தவன் அடுத்த விருந்துக்கு வராமல் இருக்க மாட்டான். லாட்ஜுக்கும் அப்படி ஒரு நோட்டு தேவை. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்து முடித்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் நான் கணக்குப் பார்க்கும் சங்கம் ஒன்றில் எல்லோர் வீட்டு முகவரியும் குடும்பத்தார் பெயரும் எழுதிய சின்ன டைரி ஒன்று செயலாளரிடம் இருந்தது. போன் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை, சாலையெல்லாம் தென்னை விழுந்து கிடக்கிறது. அந்த டைரியை வைத்துக்கொண்டு மூன்று பேர் அரிவாளும் கையுமாக வீடு வீடாகப் போனார்கள். செல்போனில் மட்டும் நம்பர் வைத்திருந்த சங்கங்களால் ஐந்தாறு நாள் யாரையும் தேட முடியவில்லை. நீங்களும் காகிதத்தில் ஒரு டைரி எழுதி வையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு ஆச்சரியம். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜ்கள் ஒன்றுசேர்ந்து முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தது ஒரு மது விடுதியில், விருந்தோடுதான். கூட்டம் முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அன்றிலிருந்து வருகிற வழக்கம். நான் பார்த்தவரை, கணக்கில் சாப்பாட்டுச் செலவு 'பார்சல்' ஆக மாறிய வருடத்திலிருந்து வருகைப் பதிவேடு இளைக்க ஆரம்பிக்கிறது. பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவரவர் வண்டியில் ஏறிவிட்டால் பேச்சுக்கு இடம் ஏது?

இதற்கு மாற்றாகவும் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு லாட்ஜில், மாஸ்டராக, அதாவது தலைவராக இருந்த ஓய்வு பெற்ற வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் பார்சலை நிறுத்திவிட்டு, சமையல்காரர் ஒருவரை வைத்து மண்டபப் பின்கட்டிலேயே சமைக்கச் சொன்னார். வாழை இலை, ஒரு கூட்டு, ஒரு பொரியல், சாம்பார், ரசம், மோர், அவ்வளவுதான். பரிமாறுவதற்கு ஆள் வைக்கவில்லை. நாமே பரிமாறுவோம் என்றார். கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்க அன்று இரவு நான் போயிருந்தேன். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரச வாளியோடு வருகிறார். வரிசைக் கடைசியில் அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த பையன், இருபத்தாறு வயது இருக்கும், எழுந்து நிற்கப் போனான். அவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, "தம்பி, கையில் குழி பண்ணு, சூடா இருக்கு, முதல்ல குடிச்சுப் பாரு" என்றார். அந்தப் பையன் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதாக வருகைப் பதிவேட்டில் இல்லை. கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும் டோஸ்ட் வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். மோரிலும் சொல்லலாம், பானகத்திலும் சொல்லலாம். மது இருந்தால் வராமல் நின்றுவிடுகிறவர்கள் நம் ஊரில் கணிசம். அந்த 22 பேரில் எத்தனை பேர் இந்தக் காரணத்தால் நின்றார்கள் என்று விசாரியுங்கள்.

கூட்ட நேரத்தையும் பாருங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து, வராதவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். ராத்திரி ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தால் கடைசி டவுன் பஸ்ஸை விட்டவர் அடுத்த மாதம் வருவாரா? எழுபது வயதுக்காரர் இருட்டில் ஆற்றங்கரைச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவாரா? சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்று மாற்றிப் பாருங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வாரம், சம்பா நடவு மும்முரமாக நடக்கும் நாட்கள், தை அறுவடை, பெரிய முகூர்த்த நாள், இவை வரும் தேதியில் கூட்டம் வைத்தால் நிலம் வைத்திருப்பவரும் கல்யாண வீட்டுக்காரரும் வர மாட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருடத் தேதிகளைப் போடுங்கள். தேதியை மாற்ற உங்கள் லாட்ஜ் விதிப்படி மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. அவர் கேட்பது நியாயம். பதினோரு வருடமாக மாதம் ஒரு நாள் கணவர் கறுப்புக் கோட்டுப் பெட்டியோடு போய் ராத்திரி திரும்புகிறார், எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார் என்றால் எந்தப் பெண்ணும் கேட்கத்தான் செய்வாள். என் சின்ன வயதில் மேசன் கட்டிடத்தை 'தலைவெட்டிக் கோயில்' என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும், வாசலில் ஒருவர் கத்தியோடு நிற்பார் என்று கேள்விப்பட்டு அந்தத் தெருவில் ஓடியே போவோம். மூடிய கதவு என்றாலே கதை கட்டிவிடுவார்கள்.

சடங்கின் சொற்களையும் அடையாளங்களையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் காப்பாற்றுங்கள். ஆனால் மீதி எல்லாவற்றையும் சொல்லலாமே! போன கூட்ட நடவடிக்கையை வாசிக்கிறோம், ஒருவரைச் சேர்ப்பதா என்று வெள்ளை, கறுப்பு உருண்டை போட்டு ரகசிய வாக்கெடுக்கிறோம், தர்ம உண்டியல் சுற்றி வருகிறது, பிறகு சாப்பிடுகிறோம் என்று சொல்வதில் எந்த வாக்கும் உடைந்துவிடாது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து குடும்பங்களை உள்ளே அழைத்துப் போங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையைப் பார்க்கட்டும். மேசையில் பகவத் கீதை, பைபிள், குர்ஆன், குரு கிரந்த் சாகிப், ஜெண்ட் அவெஸ்தா என்று நம் நாட்டு லாட்ஜ்களில் வைக்கும் புத்தகங்களைப் பார்க்கட்டும். 1884-ல் கல்கத்தாவில் விவேகானந்தர் ஒரு லாட்ஜில் சேர்ந்தவர் என்பதையும் மாமியாரிடம் சொல்லலாம். அன்றைக்கு உறுப்பினர்களின் மனைவிமார்களிடம் ஒரு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கணவர் ஊரில் இல்லாதபோது அவசரம் என்றால் லாட்ஜில் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒரு பெயரும் அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால், அதுதான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது. ஒன்று மட்டும் கவனம்: தான் மேசன் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், இன்னொருவரைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது என்பது உங்கள் வழக்கம். ஆகவே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

இரண்டு கட்சி ஆகிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். உங்களிடமிருந்து அரை மணி நேர தூரத்தில் திருவையாறு இருக்கிறது. தியாகராஜ ஆராதனை ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று தனித்தனியாக நடந்தது. பெண்களைப் பாட விடவில்லை என்று பெங்களூர் நாகரத்தினம்மாள் தனியாக மூன்றாவதாக ஒன்றை நடத்தினார். மூன்றும் ஒன்றானது 1940 வாக்கில்தான். இன்றைக்குப் புஷ்ய பகுள பஞ்சமியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடும்போது யார் எந்தக் கட்சிப் பரம்பரை என்று தெரிகிறதா? அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமாதியும் ஐந்து கீர்த்தனையும் இருந்தன. உங்கள் இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருப்பது படுத்திருக்கும் ஒரு பழைய சகோதரர். மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள், ஒரே வண்டியில். போகும் வழியிலேயே பாதிச் சண்டை தீரும். மூத்தவர்கள் விளம்பரம் வேண்டாம் என்று சொல்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதே சமயம் 1872-ல் பி.சி. தத் என்ற வங்காளி ஒருவர் பல வருடம் போராடித்தான் இந்துக்களுக்குக் கதவைத் திறக்கவைத்தார் என்பதை அவர்களுக்கும் நினைவூட்டுங்கள். விதி மாறியதால்தான் இன்று அவர்களே உள்ளே இருக்கிறார்கள்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பினர் சந்தா, சாப்பாட்டுப் பணம் எல்லாம் உங்களுக்குள் நீங்களே போட்டு எடுக்கும் பணம். அதில் மீதமாவதை வருமானமாகக் கருதி வரி போடுவதில்லை. ஆனால் வெளியாருக்கு மண்டபத்தை விட்டு வரும் வாடகைக்கும், வங்கி டெபாசிட் வட்டிக்கும் அந்தச் சலுகை கிடையாது. வட்டி விஷயத்தைப் பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாடகைக்கு விடுங்கள், தப்பில்லை, ஓட்டுக் கூரை பழுது பார்க்க அந்தப் பணம் உதவும். ஆனால் சடங்கு நடக்கும் உள் அறையைப் பூட்டிவிட்டு முன் மண்டபத்தை மட்டும் விடுங்கள், வரவைத் தனியாக எழுதுங்கள். தர்ம உண்டியல் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அதிலிருந்து ஒரு ரூபாய்கூடச் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது, 'அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்' என்றுகூட வேண்டாம்.

சிங்கப்பூர் தம்பியிடம் முதலில் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அவர் அப்பா பேரில் செய்ய ஆசைப்பட்டால், ஊருக்கு வரும்போது உங்கள் சாப்பாட்டுக்கு வந்து உட்காரச் சொல்லுங்கள். அப்பாவின் நண்பர்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லக் கேட்கத்தான் அவர் முதலில் விரும்புவார் என்று நினைக்கிறேன்.

லாட்ஜோ, கட்டிடத்தை வைத்திருக்கும் அமைப்போ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவாகியிருந்தால், வருடம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பட்டியலைப் போன வருடத்துத் தாளைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். ஒரு சங்கம் மூன்று வருடம் தொடர்ந்து காலமான ஒருவர் பெயரைப் போட்டுக் கொடுத்தது. நான் பார்த்துக் கேட்டபோது அவர் இறந்தது நிர்வாகிகளில் இரண்டு பேருக்குத் தெரியவே தெரியாது. அவர் வீடு சங்கக் கட்டிடத்திலிருந்து நாலு தெரு தள்ளி.

ஆகவே இந்த மாதம் பேனர் பேச்சை ஒதுக்கி வையுங்கள். வராத 22 பேர் பெயரை எழுதி, வாரத்துக்கு இரண்டு வீடு என்று போய் வாருங்கள். சந்தா பாக்கி பற்றி வாயைத் திறக்க வேண்டாம். மருந்து வியாபாரி நீங்கள், யார் வீட்டுக்கு எந்த மாத்திரை போகிறது என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அந்தத் தகவலைப் பேச்சில் காட்டிக்கொள்ளாமல், உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். முதலில் உங்கள் மாமனாரோடு சேர்ந்தவர்களில் தொடங்குங்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியும். திரும்பி வந்ததும் கணக்குப் புத்தகத்தில் 'உடம்பு விசாரிப்பு' என்ற தலைப்பைப் புதிதாக ஒரு பக்கத்தில் திறந்து, வாங்கிப் போன பழத்தின் பெயரையும் போன இருவர் பெயரையும் எழுதுங்கள். டிக்கெட் இருந்தால் குத்தி வையுங்கள். உங்கள் ஆடிட்டர் 'இதென்ன தலைப்பு' என்று கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.